மருதாணி மேல் போட்ட பழி

திங்கட்கிழமை காலை அக்காவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்த அம்மா, சூடு பட்டவள் போலக் கையை எடுத்தாள்.

"இன்னாடி இது, தோசக்கல்லு கணக்கா கொதிக்குது."

அக்காவுக்கு ஏழாம் மாதம். முந்தின நாள்தான் சைதாப்பேட்டையில் அவளுடைய மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, சாயங்காலமே மயிலாப்பூருக்கு அழைத்து வந்திருந்தோம். இரண்டு கையிலும் முழங்கையைத் தொடும் அளவுக்குக் கண்ணாடி வளையல். பத்து விரல் நுனியிலும் தொப்பி வைத்த மாதிரி மருதாணி, நன்றாகப் பிடித்துக் கருஞ்சிவப்பாக இருந்தது. கன்னத்துச் சந்தனம் காய்ந்து தலையணையில் உதிர்ந்திருந்தது. இனிப் பிரசவம் வரை எங்கள் வீட்டில்தான். அந்த ஒரு நாளுக்காக அவள் மாதக்கணக்காகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெர்மாமீட்டர் நூற்று இரண்டு என்றது. வறட்டு இருமல், கண்ணைத் திறந்தால் வலி, முதுகை யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருக்கிறதாம். அந்த மழைக்காலத்தில் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவர் இப்படித்தான் படுத்திருந்தார்கள். ஃப்ளூ என்று சொல்ல எனக்குப் பரிசோதனைக்கூடம் தேவைப்படவில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பரபரப்பு. பயம் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

நான் அப்போது நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் வருடம். மூன்று வாரத்துக்கு முன்புதான் வகுப்பில் ஃப்ளூ மருந்துகளை ஒப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அதற்காக ஒரு லாங் சைஸ் நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் நீட்டி ஓர் அட்டவணை போட்டிருந்தேன். மூன்று மருந்து, ஐந்து கட்டம். எங்கே வேலை செய்கிறது, எத்தனை வேளை, எவ்வளவு சீக்கிரம் வைரஸ் குறைகிறது, வாந்தி வருமா, வாயிலா மூச்சிலா. மூன்று நிறப் பேனா. அந்த அட்டவணை மேல் எனக்கு ஒரு காதலே இருந்தது.

முதலாவது ஒசெல்டாமிவிர். எல்லோருக்கும் தெரிந்த பழைய கேப்சூல். காலை ஒன்று, மாலை ஒன்று, ஐந்து நாள். செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியே கிளம்பும்போது அதை வாசலிலேயே ஒட்டவைத்து நிறுத்துகிற மருந்து. இரண்டாவது ஜானாமிவிர். அதே வேலைதான், ஆனால் பொடியாக மூச்சில் இழுக்க வேண்டும். இழைப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர்களுக்கு ஆகாது. அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே இழைப்பு, அதனால் அதை உடனே அடித்துவிட்டேன். மூன்றாவது பாலோக்ஸாவிர். என் செல்லம். வாசலில் நின்று மல்லுக்கட்டாமல் உள்ளே போய் ஜெராக்ஸ் மிஷினையே நிறுத்திவிடும். வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கவே முடியாது. அதுவும் ஒரே ஒரு வேளை. ஒரு தடவை விழுங்கினால் முடிந்தது கதை.

ஏழு மாதமாக வெறும் தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டுகிற அக்காவுக்குப் பத்து கேப்சூலா, ஒரே வேளையா? கேள்வியே இல்லை என்று நினைத்தேன்.

"க்கா, காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது? கரெக்டா சொல்லு."

"நேத்துதான். இங்க வந்து படுத்தேன்ல, எட்டு மணி இருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏது? ஃபோட்டோவுல பாரு, எப்டி இளிச்சிக்கினு கீறேன்னு."

ஃப்ளூ மருந்துக்கு ஒரு கெடு உண்டு. உடம்பு கெட ஆரம்பித்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். ஞாயிறு இரவு எட்டு என்றால் செவ்வாய் இரவு எட்டு வரை நேரம் இருக்கிறது. நோட்டின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன். முப்பத்தாறு மணி நேரம் கையில் இருக்கிறது. வசதிதான்.

பீரோவில் கொரோனா காலத்து ஆக்ஸிமீட்டர் ஒன்று இருந்தது. பேட்டரி மாற்றி அக்காவின் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று மூன்று. வேறு விரலில் தொண்ணூற்று இரண்டு. திரும்பத் தொண்ணூற்று மூன்று.

"இன்னா காட்டுது?" என்றாள் அம்மா.

கர்ப்பிணிக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதே நொடியில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கருவி விரலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் அளக்கிறது. விரலில் அடர்த்தியாகச் சாயம் இருந்தால் கணக்குத் தப்பலாம்.

"மருதாணிம்மா. வெளிச்சம் உள்ள போகாது. தப்பாத்தான் காட்டும்" என்றேன். கால் விரலில் மாட்டலாம் என்றால் அங்கேயும் மருதாணி. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அடையாறில் அக்கா வழக்கமாகக் காட்டும் பிரசவ மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண், "மூச்சு விடச் சிரமம் இருக்கா? ஆக்ஸிஜன் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஓகேதான்" என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டோக்கன் கிடைத்தது.

அப்பா மாநகரப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலையே டூட்டிக்குப் போய்விட்டார். அம்மா நிலவேம்புக் கஷாயம் போடக் கிளம்பினாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கண்டதையும் கொடுக்காதே என்று அவளிடம் கத்தினேன். "ஆமா, இவ பெரிய டாக்டரு" என்று அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். பாரசிட்டமால் கொடுத்து, ஈரத்துணி போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு தி.நகருக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று தயாராகத் தெரிந்திருக்க வேண்டும். எதையும் முன்கூட்டியே செய்து முடித்துவிட வேண்டும் என்கிற ஜுரம் எனக்கு எப்போதும் உண்டு.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பாண்டி பஜாரில் கால் வைக்க இடமில்லை. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முதல் மருந்துக்கடையில் நான் சொன்ன பெயரைக் கேட்டதும், "ஸ்பெல்லிங் சொல்லும்மா" என்றார்கள். சொன்னேன். கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்து இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில், "அதெல்லாம் நமக்கு வராது. கேப்சூல் இருக்கு, ஆனா டாக்டர் சீட்டு வேணும், தனி ரெஜிஸ்டர்ல எழுதணும்" என்றார்கள். கேப்சூல் வேண்டாம் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றாவது கடை. நான்காவது உஸ்மான் சாலையில், பெரிய கடை. அதற்குள் மணி ஒன்றே முக்கால்.

அங்கே கவுண்டரில் இருந்தது ஓர் அம்மா. வெள்ளைக் கோட்டுக்கு மேல் மல்லிகைப்பூ, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் பெயரைச் சொன்னதும் ஸ்பெல்லிங் கேட்கவில்லை.

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. ஃப்ளூ. ஒரே டோஸ்ல முடிஞ்சிடும்ல, அதான் மேடம். பழைய கேப்சூலுக்கு வாந்தி வருது. இது நேரா வைரஸோட எண்டோநியூக்ளியேஸையே…"

"அது கெடக்கட்டும். அக்காவுக்கு வயசு என்ன? வேற எதாச்சும் மருந்து எடுக்கறாங்களா?"

"இருபத்தெட்டு. அயர்ன் மாத்திரை மட்டும். ஏழாம் மாசம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு மாசப் புள்ளத்தாச்சிக்கா இதத் தேடிக்கினு கட கடயா ஏறி எறங்குற?"

"ஏன் மேடம்?"

"கர்ப்பிணிங்களுக்கு அது குடுக்கறதில்லம்மா. அவங்ககிட்ட அது சேஃப்னு சொல்ற அளவுக்கு யாரும் பாக்கல. அவங்களுக்கு அந்தப் பழைய கேப்சூல்தான். இத்தன வருசமா எத்தனையோ பேருக்குக் குடுத்துப் பாத்தது. நீ இன்னா படிக்கிற?"

நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன், கவுண்டரிலேயே வைத்துப் பிரித்தேன். ஐந்து கட்டத்தையும் பார்த்தேன். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒரு கட்டமே இல்லை. நான் படித்த கட்டுரைகளில் அந்த வரி இருந்திருக்கும். இருந்தது, இப்போது நினைவும் வருகிறது. ஜெராக்ஸ் மிஷின் உவமையை எங்கே சொன்னால் வகுப்பு சிரிக்கும் என்று யோசித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

"சரி, கேப்சூல் குடுங்க மேடம்."

"சீட்டு?"

"அஞ்சு மணிக்குத்தான் டாக்டர்."

"அப்ப டாக்டர மொதல்ல பாரு. ஏன்மா, ஜொரத்தோட அவங்கள வூட்ல வுட்டுட்டு நீ இங்க இன்னா ஷாப்பிங் பண்ணிக்கினு கீற?"

அக்காவின் புருஷன், என் மாமா, அங்கிருந்து இருநூறு அடியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்பிரிவில் வேலை பார்க்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்று போனேன். கடை வாசலில் செருப்புக் கடல். இரண்டாம் மாடியில் ஐந்தாறு பெண்களுக்கு நடுவில் அவர் ஒரு மாம்பழக்கலர் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா கொழுந்தியா, பொடவ வேணுமா? டிஸ்கவுண்ட் இல்ல, சொல்லிட்டேன்."

"மாமா, அக்காவுக்கு நூத்தி ரெண்டு ஜொரம். ஃப்ளூன்னு நெனைக்கிறேன்."

சிரிப்பு போய்விட்டது. சேலையைக் கீழே வைத்தார். "இன்னும் வுடலயா அது? எங்கம்மா கொடுத்த சுக்கு கஷாயத்துல சரியாப்பூடுச்சுன்னுதான நெனச்சேன்."

"எந்த கஷாயம்? எப்ப?"

"சனிக்கெழம. மருதாணி வெச்சிக்கினு ஒக்காந்தாள்ல, அப்பவே ஒடம்பெல்லாம் வலிக்குது, குளுருது, உள்காய்ச்சலா கீதுன்னா. மருதாணி ரொம்ப நேரம் வெச்சா குளிர்ச்சி ஏறும்னு அம்மாதான் சுக்கு தட்டிப் போட்டுக் குடுத்துச்சு."

நான் கடிகாரத்தைத் தேடினேன்.

"சனிக்கிழமை எத்தன மணிக்கு மாமா?"

"நான் அன்னிக்கு லீவு. சோறு துன்னுட்டு மூணு மணிப் படம் போட்டேன் டிவியில. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. மூணு மணின்னு வெச்சுக்கோ."

சனிக்கிழமை மூன்று. திங்கட்கிழமை மூன்று. கடையின் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

நான் அக்காவிடம் காய்ச்சல் எப்போது என்று கேட்டேன். அவள் காய்ச்சல் எப்போது என்று சொன்னாள். எங்கள் வீட்டிலும் சரி, அவள் மாமியார் வீட்டிலும் சரி, தொட்டால் சுடுவதற்குப் பெயர்தான் காய்ச்சல். உடம்பு முறித்துப் போட்டுக் குளிர்ந்து, தொட்டால் சுடாமல் இருப்பது உள்காய்ச்சல். அது கணக்கில் வராது. அதற்கு லீவு எடுப்பதில்லை, டாக்டரிடம் போவதில்லை, தெர்மாமீட்டர் வைப்பதில்லை. வைரஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நாற்பத்தெட்டு மணி நேரமும் அந்த உள்காய்ச்சலிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

உடனே இன்னொன்றும் ஓடியது மண்டையில். மாமியார் மருதாணி மேல் பழி போட்டார். நானும் மருதாணி மேல்தான் பழி போட்டேன். அவர் குளிர்ச்சி என்றார், நான் வெளிச்சம் என்றேன். தொண்ணூற்று மூன்று உண்மையாக இருந்தால்?

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஐந்து முறை அடித்து எடுத்தாள்.

"அம்மா, அக்கா எப்டி இருக்கா?"

"தூங்குறா. மூச்சுதான் கொஞ்சம் இஸ்து இஸ்து வுடுறா. நான் பழைய இழுப்புன்னு நெனச்சேன்."

"ஆட்டோ புடி. இப்பவே அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போ. அஞ்சு மணி வரைக்கும் வேணாம். மூச்சு வாங்குதுன்னு வாசல்லயே சொல்லு. நான் மாமாவோட வரேன்."

"இன்னாடி சொல்ற, காலையில ஒண்ணும் இல்லன்ன?"

"நான் தப்பா சொன்னேம்மா. கெளம்பு."

மாமா சூப்பர்வைசரிடம் போய் நின்றார். தீபாவளி நேரத்தில் பாதி நாள் லீவு என்பது அங்கே கெட்ட வார்த்தை. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மாமா திரும்பி வரும்போது கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அதோடேயே ஸ்கூட்டரை எடுத்தார்.

நந்தனம் சிக்னலில் நின்றோம். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருந்தார்கள். தூறல் கனத்தது. மாமா முன்னால் இருந்து கத்தினார்.

"அந்த மருந்து மூணு மணிக்கு மேல போட்டா வேலயே செய்யாதா?"

"செய்யும். கொறையும்னு சொல்வாங்க."

"எவ்ளோ கொறையும்?"

"தெரியல மாமா."

"நீதான படிச்சவ!"

திட்டுவதற்காகச் சொன்னது இல்லை அது. நிஜமாகவே கேட்டார். எனக்கு அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை. கோட்டூர்புரம் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. கீழே அடையாறு மழைத்தண்ணீரில் பழுப்பாகப் பொங்கிக்கொண்டு போனது. மாமா இரண்டு கார்களுக்கு நடுவே நுழைத்து, ஒரு கண்ணாடியை இடித்து, வாங்கிய வசவுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மூன்றே கால் ஆகும்போது மருத்துவமனைக்குள் ஓடினோம்.

அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளிறி, உதடு உலர்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. டியூட்டி டாக்டர் என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருப்பார். நர்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டப் போனபோது நான் குறுக்கே விழுந்தேன்.

"அதுல சரியா காட்டாது, மருதாணி இருக்கு."

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேறொரு கருவியை எடுத்து அக்காவின் காது மடலில் கவ்வ வைத்தாள். காதில் மருதாணி இல்லை.

தொண்ணூற்று இரண்டு.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "காலையில தொண்ணூத்தி மூணு காட்டுச்சு டாக்டர். மருதாணியாலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"காலையில எத்தன மணிக்கு?"

"எட்டரை."

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். பிறகு அக்காவிடம் குனிந்தார். "ஜுரம் எப்பன்னு கேக்கல. முதல்முதலா உடம்பு முடியலன்னு எப்ப தோணுச்சு?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமாதான் சொன்னார், சனிக்கிழமை மூணு மணி என்று.

"நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இவங்க கர்ப்பிணி. இவங்களுக்கு அதைப் பாத்து நிறுத்த மாட்டோம். எப்ப வந்தாலும் குடுப்போம், ஆனா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்." அவர் நர்ஸிடம் திரும்பினார். "மூக்குல ஸ்வாப் எடுத்துடுங்க. ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ண வேணாம். ஒசெல்டாமிவிர் செவண்டி ஃபைவ், இப்பவே. ஆக்ஸிஜன் போடுங்க. நரம்புல டிரிப்ஸ் ஏத்தணும், அந்தக் கை வளையல எடுங்க."

"வளையல எடுக்கக் கூடாதும்மா" என்றாள் அம்மா. "புள்ள பொறக்கற வரைக்கும் கையில இருக்கணும். நேத்துதான் போட்டுது."

"மேல ஏத்தி விடுங்க அப்ப. சீக்கிரம்."

அம்மா வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைக்கு மேலே தள்ளினாள். இரண்டு நகரவில்லை. மூன்றாவது உடைந்தது. அம்மா நின்றுவிட்டாள். அக்கா ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு பக்கம் தூக்கி, "ஒடச்சிடும்மா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அம்மா மீதி இரண்டையும் துணி சுற்றி அமுக்கி உடைத்தாள்.

மூன்று நாற்பதுக்குக் கேப்சூல் அக்காவின் வாய்க்குள் போனது. மூன்று ஐம்பதுக்கு வெளியே வந்தது.

நான் பயந்தது அதற்குத்தான். நர்ஸ் வாந்தி பிடித்த டிரேயைச் சாய்த்துப் பார்த்தாள். கேப்சூல் கரையாமல் முழுசாகக் கிடந்தது. "நல்லவேளை, அப்படியே வந்திருக்கு. இன்னொன்னு குடுக்கலாம், வயித்துல எதாவது இருக்கணும்" என்றாள். அம்மா கிளம்புகிற அவசரத்திலும் ஒரு டப்பாவில் ரசம் சாதம் போட்டு எடுத்து வந்திருந்தாள். எனக்கு அது தோன்றியே இருக்காது. நான்கு வாய் ஊட்டினாள். கால் மணி நேரம் கழித்து இரண்டாவது கேப்சூல். நான் கைபேசியில் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். அக்கா கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மூக்கால் மூச்சு விட்டாள். பத்து. ஒரு தடவை குமட்டியது. அம்மா அவள் முதுகை நீவினாள். இருபது. அரை மணி நேரம் ஆனபோது நர்ஸ் வந்து, "உள்ள நின்னுடுச்சு, விடு" என்றாள் என்னிடம். நான் அதுவரை டிரேயைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் துடிப்பு வேகமாக இருந்தது. தாய்க்கு ஜுரம் என்றால் அப்படித்தான் ஓடும், ஜுரம் இறங்கினால் இறங்கும், இராத்திரி முழுக்கப் பார்ப்போம் என்றார் டாக்டர். காது மடலில் தொண்ணூற்றைந்து வந்தது. ஆக்ஸிஜனோடுதான். ஆனாலும் தொண்ணூற்றைந்து.

போகும்போது டாக்டர் வாசலில் நின்று கேட்டார். "வளைகாப்புக்குக் கூட்டம் இருந்திருக்கும். வேற கர்ப்பிணி யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"

எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். மாமியார் வீட்டுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கிற பெண், ஐந்து மாதம். அவளை அக்காவுக்குப் பக்கத்திலேயே மணையில் உட்கார வைத்து, அக்கா கையாலேயே அவளுக்கும் வளையல் போட்டு, கலந்த சாதம் ஊட்டிவிடச் சொன்னார்கள். கர்ப்பிணி கையால் கர்ப்பிணிக்கு. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான் வீடியோ எடுத்தேன்.

"இருந்தா உடனே சொல்லிடுங்க. அவங்க எங்க காட்டறாங்களோ அங்க இன்னிக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

"நான் பேசுறேன்" என்று கைபேசியை எடுத்தேன்.

"இரு" என்றாள் அக்கா. "நீ இன்னா சொல்லுவ?"

"உனக்கு நேத்து ராத்திரி ஃப்ளூ வந்துடுச்சு, எதுக்கும் அவள டாக்டர பாக்க சொல்லுவேன்."

அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "எனக்குத் தெரியும்டி. சனிக்கெழமயே தெரியும், இது மருதாணி குளிர்ச்சி இல்லன்னு. ஞாயித்துக்கெழம காலையில கண்ணத் தொறக்க முடியல. சொன்னா வளைகாப்ப நிறுத்திடுவாங்க. எட்டாம் மாசம் செய்ய மாட்டாங்க, ஒம்பதாம் மாசம்தான். அதுவரைக்கும் அங்கியே இருக்கணும். நீ காய்ச்சல் எப்பன்னு கேட்ட, உள்காய்ச்சல கேக்கலையேன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கேயே இருக்கணும் என்றால் அவரோடு இருக்கணும் என்றும் அர்த்தம். அவர் கழுத்தில் இன்ச் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன எங்கிட்ட குடு" என்றாள் அக்கா.

மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் கலகலவென்று எடுத்தாள் அந்தப் பெண்.

"இன்னாக்கா, அம்மா வூட்டுக்குப் போனதும் எங்கள மறந்துட்டன்னு நெனச்சேன்!"

"தே, நான் சொல்றத கேளு. நான் ஆஸ்பத்திரியில கீறேன். ஃப்ளூவாம். நேத்து ஒனக்கு ஊட்டும்போதே எனக்கு இருந்துச்சு."

"ஐயையோ. நேத்து நல்லாத்தான இருந்த?"

"இல்ல. சனிக்கெழமயே இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஒன் பக்கத்துல வந்து ஒக்காந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசிலடித்தது. அக்கா மாஸ்க்கை வைத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி இறக்கினாள்.

"லைன்ல கீறியா?"

"கீறேன்." குரல் மாறியிருந்தது. "காலையில எழுந்ததுலேருந்து தொண்ட கரகரன்னுது. காலெல்லாம் வலிக்குது. மழைக்குன்னு நெனச்சேன்."

நான் போனை வாங்கினேன். இந்தத் தடவை சரியாகக் கேட்டேன். காய்ச்சலைக் கேட்கவில்லை, வலி எத்தனை மணிக்கு, குளிர் எத்தனை மணிக்கு, மூச்சு எப்படி. ஏழு மணிக்கு ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு நீ காட்டுகிற ஆஸ்பத்திரிக்கு இப்போதே போ, ஐந்து மாதம் என்பதை முதலில் சொல், ஃப்ளூ வந்தவள் கூட உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல் என்றேன். என்ன மருந்து என்று அவள் கேட்டாள். டாக்டர் சொல்லுவாங்க என்றேன். என் வாயில் அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அன்று ஆறு மணிக்குள் அவளுக்கு முதல் கேப்சூல் போட்டுவிட்டார்கள். பதினொரு மணி நேரத்துக்குள். அவளுக்கு ஒரு நாள் ஜுரம் அடித்தது, வாந்தி இரண்டு தடவை, புதன்கிழமை எழுந்து சமைத்தாளாம். அக்காவுக்கு வியாழக்கிழமைதான் ஆக்ஸிஜனை எடுத்தார்கள். பிள்ளையின் துடிப்பு அதற்கு முந்தின நாளே ஒழுங்குக்கு வந்திருந்தது. பத்தாவது கேப்சூலை விழுங்கிவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். நான் மாமாவுக்கு மயிலாப்பூரிலேயே ஒரு பாய் விரித்து வைத்தேன், அவர் தினமும் கடை முடிந்து நேராக அங்கே வந்தார்.

கீழ் வீட்டுப் பெண் அதற்குப் பிறகு அக்காவிடம் பேசவில்லை. அக்கா தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்வாள். முழுக்க அடித்து நிற்கும். "எடுக்க மாட்டா, வுடேன்" என்பேன்.

"எடுக்காம இருக்கட்டும், அது அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் செய்வாள்.